தந்தை தோழன்

வன்னியில் பாடசாலை மதிலுக்கு வெள்ளை அடித்தால் அடுத்த வேலை அதில் ஒரு குறளோ ஔவையார் வரியோ எழுதுவதுதான். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு, தறப்பாள் கொட்டில்கள் போய்க் கட்டடங்கள் எழும்பிய காலத்தில், இந்த வழக்கம் இன்னும் கூடிவிட்டது. அப்படி எழுதியவற்றில் எனக்கு அதிகம் கண்ணில் படுவது 'இடுக்கண் வருங்கால் நகுக'. குறளில் எனக்குப் பிரியம் அதிகம். தமிழ் படிப்பித்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனாலும் இந்த ஒரு வரியைச் சுவரில் காணும்போதெல்லாம் மனம் ஓரிடத்தில் போய் முட்டிக்கொள்கிறது. எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் பெண்களுக்கென்று ஒரு மனநலக் கூட்டம் நடந்தது. வெளியிலிருந்து வந்த வளவாளர் நல்ல மனிதர், அக்கறையோடுதான் பேசினார். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாவைப் பார்த்து இந்தக் குறளைச் சொல்லி, துன்பத்தைக் கண்டு சிரிக்கப் பழகுங்கள், வள்ளுவரே சொல்லியிருக்கிறார் என்றார். அந்த அம்மா 2009 போரில் தன் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். "ஓம் ஐயா" என்றார். வரவுத் தாளில் கையெழுத்து வைத்தார், தந்த ரோல்சையும் பிளேன்ரீயையும் வாங்கிக்கொண்டார், போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை அப்படியான எந்தக் கூட்டத்திலும் நான் காணவில்லை.

கவிதை ஒழுக்கத்தைப் படிப்பிக்கும், மனதையும் ஆற்றும் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். நானும் சொல்கிறேன், நம்பித்தான் சொல்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. அந்த அம்மாவுக்கு ஆறுதல் தரக்கூடிய பாட்டு தமிழில் இல்லையா? இருக்கிறது என்றால் அதை ஏன் நாங்கள் எடுத்துக் கொடுப்பதில்லை? நான் வந்து சேர்ந்த இடத்தை முதலே சொல்லிவிடுகிறேன். இழப்பை இழப்பென்று முதலில் ஒத்துக்கொள்ளும் பாட்டுத்தான் ஆற்றும். அறம் முளைப்பதும் அதே இடத்திலிருந்துதான். இன்னொருவருக்கு வந்ததை அவருடைய இடத்தில் நின்று பார்த்த பிள்ளைக்கு, 'இனி நான் என்ன செய்யவேண்டும்' என்ற கேள்வி தானாக வரும். அந்தக் கேள்வி வராவிட்டால் எத்தனை நீதிநூலைப் பாடமாக்கினாலும் மிஞ்சுவது பரீட்சைப் புள்ளிதான்.

வள்ளுவரில் பிழை இல்லை. 'இடுக்கண் அழியாமை' பொருட்பாலில் 63ஆம் அதிகாரம், அரசியல் என்ற இயலின் கடைசி அதிகாரம். ஆள்பவனுக்கு வேண்டிய குணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் எடுத்த காரியத்தில் இடைஞ்சல் வந்தாலும் கலங்காதே என்று முடிக்கிறார். பொறுப்பெடுத்தவனுக்குச் சொன்ன உறுதி அது. அதைவிட, அது ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டிய வரி. 2018 மார்கழி வெள்ளத்தில் பயிர் அழிந்த கமக்காரர் ஒருவர் வரம்பில் நின்று தனக்குள் இதைச் சொல்லியிருந்தால் அதில் ஒரு வீரம் உண்டு. அதையே கதிரையில் இருப்பவர் பாயில் இருப்பவருக்குச் சொன்னால் கட்டளையாகிவிடும்.

ஆத்திசூடியையும் நான் தள்ளவில்லை. ஏடு தொடக்கிய கையோடு 'அறம் செய விரும்பு, ஆறுவது சினம்' என்று பிள்ளை பாடமாக்குகிறது. அர்த்தம் அப்போது விளங்காது, விளங்கவும் தேவையில்லை. முப்பது வயதில் யாரோடோ எல்லைச் சண்டைக்குப் போகும்போது இரண்டே சொல்லாக, சொல்லித்தந்த அம்மாவின் குரலிலேயே அது வரும். சின்ன வரி, ஓசை, திரும்பத் திரும்பச் சொன்ன பழக்கம், இந்த மூன்றும் சேர்ந்தால் நினைவு விடாது. ஆனால் துன்பத்தின் நடுவில் நிற்கும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது போதாது. என்ன செய்யவேண்டும் என்று அவனுக்குச் சொல்ல வீட்டிலும் வெளியிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவனுக்கு நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் ஆள் இல்லை.

உப்பு வண்டியும் தண்ணீர் பவுசரும்

2014ஐ ஒட்டிய காலத்தில் உயர்தர வகுப்பில் எனக்கு முன்னால் இருந்த பிள்ளைகள், போர் முடிந்தபோது பத்துப் பன்னிரண்டு வயதுக்காரர். எல்லாம் பார்த்தவர்கள், எதையும் பேசாதவர்கள். பாரி மகளிரின் 'அற்றைத் திங்கள்' பாட்டை நடத்தினால் அமைதியாகக் குறிப்பெழுதுவார்கள். அந்த நிலவில் அப்பா இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த நிலவில் குன்றையும் கொண்டார்கள், அப்பாவும் இல்லை. முள்ளிவாய்க்காலுக்கு இவ்வளவு கிட்டடியில் நின்று அதை வாசிக்கும்போது என் குரல்தான் தடுமாறும். பிள்ளைகள் 'கையறுநிலை', அதாவது இழந்தவரை நினைத்து வருந்தும் பாட்டு, என்று துறையை எழுதிக் கீழே கோடு போடுவார்கள். பரீட்சை அவர்களை அப்படிப் பழக்கியிருந்தது.

ஒரு நாள் பாடம் முடிந்து கொஞ்ச நேரம் மிச்சமிருந்தது. பாடத்திட்டத்தைப் பார்க்காமல் புறநானூறு 116ஆம் பாட்டை எடுத்தேன். அது கபிலர் பாடியது. தலைவன் பாரி போய், அவனுடைய பறம்பு மலை போய், அதன் முந்நூறு ஊரும் கைமாறிவிட்டன. பாரியின் பெண்பிள்ளைகள் எங்கோ ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார்கள். முள்வேலி, புல் மூடிய பாதை, பஞ்சு பரந்த முற்றம், பீர்க்கும் சுரையும் படர்ந்த ஒரு பக்கம். அங்கே கிடக்கும் ஈச்சிலைக் குப்பையில் ஏறி நின்று, தெருவால் போகும் உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுகிறார்கள். இதே பிள்ளைகள் ஒரு காலத்தில் தகப்பனின் மலை உச்சியில் ஏறி நின்று, போருக்கு வந்த வேந்தரின் பொன்பூண்ட குதிரைகளை எண்ணியவர்கள். கபிலர் இரண்டையும் பார்த்தவர். 'நோகோ யானே, தேய்கமா காலை' என்கிறார். எனக்கு நோகிறது, என் வாழ்நாள் தேய்ந்து போகட்டும்.

வாசித்து முடிய, யன்னல் கரையில் இருந்த ஒரு பிள்ளை, பெயர் சொல்லிக் கேட்டாலொழிய வாய் திறக்காதவள், தானாகச் சொன்னாள்.

"நாங்களும் எண்ணினனாங்கள் ரீச்சர்."

"எதை?"

"தண்ணி பவுசர். மெனிக் பாமில. நானும் தங்கச்சியும் பரலுக்கு மேல ஏறி நிண்டு எண்ணுவம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. தாங்கள் பஸ் எண்ணியதாக ஒருத்தி சொன்னாள். ஆக்களை ஏற்றிப்போக வரும் பஸ். கம்பி வேலியின் தூண்களை எண்ணினேன் என்றான் இன்னொருவன். முதலில் பேசியவள் மறுபடியும் சொன்னாள்: "அவை ஏன் எண்ணினவை எண்டு எனக்குத் தெரியும் ரீச்சர். எண்ணிக்கொண்டிருந்தா வேற ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை." அந்தப் பாட்டுக்கு இதைவிட நெருக்கமான உரையை நான் எங்கும் வாசித்ததில்லை. மெனிக் பாம் என்ற அந்தச் செட்டிகுளத்து முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் அடைபட்டுக் கிடந்ததை எத்தனையோ அறிக்கைகளில் படித்திருக்கிறேன். பரலின் மேல் நின்ற அந்த இரண்டு பிள்ளைகளை எனக்குக் காட்டியது கபிலர்தான்.

பிறகு பின்வாங்கிலிலிருந்து ஒரு பெடியன் கேட்டான். "பாட்டுப் பாடினவர் அவையளுக்கு ஆர் ரீச்சர்?" தகப்பனின் கூட்டாளி என்றேன். "அப்ப எல்லாம் முடிஞ்ச பிறகும் அவர் விட்டிட்டுப் போகேல்லையோ?"

போகவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வாழ்க்கை தேடிக் கபிலர் அவர்களைக் கூட்டிக்கொண்டு அலைந்த கதையைச் சொன்னேன். விச்சிக்கோன், பிறகு இருங்கோவேள் என்று இரண்டு சிற்றரசர்களிடம் போனார். புறநானூற்றில் 200, 201, 202 ஆகிய மூன்றும் அந்தப் பயணத்தின் பாட்டுகள். இருங்கோவேள் முன்னால் நின்று, இவர்கள் யார் என்று கேட்பாயானால் என்று தொடங்கி, முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் மகளிர் என்று சொல்லிவிட்டு, அடுத்ததாகத் தன்னைச் சொல்கிறார்: 'யானே தந்தை தோழன், இவர் என் மகளிர்'. நான் இவர்களின் அப்பாவின் தோழன். ஆகவே இவர்கள் என் பிள்ளைகள். இடையில் ஒரு 'ஆகவே' கூட அவருக்குத் தேவைப்படவில்லை. அந்த வரியைக் கரும்பலகையில் எழுதினேன். கேள்வி கேட்ட பெடியன் அதைக் கொப்பியின் கடைசித் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டான். அவன் வளர்ந்தது, தகப்பனோடு ஒரே படகில் தொழிலுக்குப் போன ஒருவரின் வீட்டில். அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். அதைப்பற்றி இருவரும் பேசவில்லை.

இருங்கோவேள் மறுத்துவிட்டான் என்றதும் வகுப்பே கொதித்தது. சொத்துப் போனதாலா, பயத்தாலா, வென்ற வேந்தர்கள் என்ன நினைப்பார்கள் என்றா என்று ஆளுக்காள் வாதாடினார்கள். 'ஆதரவற்றோரைக் காப்பது கடமை' என்று நான் ஒரு வரி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் கீழே கோடு போட்டிருப்பார்கள். போருக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எத்தனை பிள்ளைகளைப் பெரியம்மாவும் மாமியும் அயல்வீட்டாரும் வளர்த்தெடுத்தார்கள்! அந்த மனிதர்களுக்கு விருதும் இல்லை, பாட்டும் இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அழுகைக்குக் காரணம் நான்கு

அதற்குப் பிறகு, தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியலை வேறு கண்ணோடு வாசிக்கத் தொடங்கினேன். அழுகை பிறக்க நான்கு காரணம் சொல்கிறது அது: 'இளிவே இழவே அசைவே வறுமை'. பிறர் இகழ எளியவராதல், உற்றாரையும் உடைமையையும் இழத்தல், முன்னைய நிலை கெட்டு வேறொரு நிலையில் வருந்துதல், இல்லாமை. வன்னியில் இந்த நான்கும் ஒரே வீட்டுக்குள் இருக்கும். தட்டோடு வரிசையில் நின்றது ஒன்று, செத்தவரை விட்டுவிட்டு நடந்தது ஒன்று, சொந்த வயல் செய்தவர் நாட்கூலிக்குப் போவது ஒன்று, கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரர் இன்னொன்று. நாங்கள் இரண்டாவதற்கு மட்டும் அனுதாபம் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். மற்ற மூன்றுக்கும் அழுதால் 'இன்னுமா இதை நினைக்கிறாய்' என்கிறோம். பழைய இலக்கணம் எங்களைவிட இளகிய மனதோடு இருக்கிறது.

உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னி மக்களைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை, காயம் தனி ஆள்களோடு நிற்கவில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்பட்டிருக்கின்றன என்று விளக்குகிறது. அப்படியானால் ஆறுவதற்கும் ஊர் வேண்டும். ஊர் கூடி அழ எங்களிடம் இருந்த கவிதை ஒப்பாரி. நல்ல ஒப்பாரிக்காரி ஒருத்தியைச் செத்தவீட்டில் கேட்டவர்களுக்குத் தெரியும், அது வெறும் அழுகை இல்லை. செத்தவரின் சாரம், சைக்கிள், அவர் நட்ட மாமரம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும் பாட்டு, இடையில் திரும்பி உயிரோடு இருப்பவர்களையும் பிடிக்கும். காணியைப் பிடித்த தமையனுக்கு ஒரு வரி, நோயில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத மகனுக்கு ஒரு வரி. மற்ற நாளில் சொன்னால் வெட்டுக்குத்தில் முடியும். அன்று சொல்லலாம், யாரும் கோபிக்கக் கூடாது. துக்கம் ஆறுவதும் நியாயம் கேட்பதும் ஒரே மூச்சில் நடக்கும். கவிதை அறத்தைப் படிப்பிக்குமா, மனதை ஆற்றுமா என்று இரண்டாகப் பிரித்துக் கேட்பது எங்கள் ஆச்சிமாருக்கு விளங்கியிருக்காது.

2009இல் அந்தப் பாட்டுக்கு இடம் இருக்கவில்லை. பறை இல்லை, காடாத்து இல்லை, எட்டுச் செலவு இல்லை, அந்தியேட்டி இல்லை. பங்கர் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு நடந்தார்கள். பலருக்கு அதுவும் வாய்க்கவில்லை. அந்த ஒப்பாரிகள் பாடப்படாமலே வீடுகளுக்குள் இருக்கின்றன.

காத்திருப்பவர்களுக்கு

ஒப்பாரியும் உதவாத ஒரு துயரம் இருக்கிறது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கினார்கள். கையில் பிள்ளையின் படத்தை வைத்திருக்கும் தாய் ஒப்பாரி பாட மாட்டாள். பாடினால் பிள்ளை செத்துவிட்டது என்று அவளே ஒத்துக்கொண்டதாகிவிடும். போலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு, முடிவு தெரியாததால்தான் இந்தத் துயரம் ஆறாமல் நிற்கிறது என்று எழுதினார். இப்படிப்பட்ட ஒருவருக்கு என்ன பாட்டைச் சொல்வது என்று நீண்ட நாள் யோசித்தேன்.

குறுந்தொகை 66ஆம் பாட்டில் கார் காலத்தில் வருவேன் என்று போனவன் வரவில்லை. கொன்றை பூத்துவிட்டது. தலைவி அதைப் பார்த்து உடைகிறாள். தோழி என்ன சொல்கிறாள்? தைரியமாக இரு என்கிறாளா? இல்லை. கொன்றையைத் திட்டுகிறாள். இந்த மரம் மடத்தனமானது, காலம் தவறிப் பெய்த மழையைக் கார் என்று நினைத்துப் பூத்துவிட்டது என்கிறாள். இது உண்மையில்லை என்று இருவருக்குமே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் தோழி அவளுடைய பக்கத்தில் வந்து இருந்துகொள்கிறாள். மரத்தை எதிர்த்து, பருவத்தை எதிர்த்து, அவளோடு. நம்பிக்கை வை என்றும் சொல்லவில்லை, விட்டுவிடு என்றும் சொல்லவில்லை. துயரப்பட்டவர்களோடு பேசப் பயிற்சி கொடுக்கிறவர்கள் இந்தப் பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்பது என் ஆசை.

அந்தத் தாய்மாருக்கு வேண்டியது ஆறுதல் மட்டும் இல்லை, பதில். அதையும் கவிதை அறியும். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போய், கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கண்ணகி கேட்ட கேள்வி தெரியும். இளங்கோவின் பாண்டியன் 'யானோ அரசன், யானே கள்வன்' என்று சொல்லி விழுகிறான். தீர்ப்புப் பிழைத்தது என்று தெரிந்த கணமே வாய்விட்டு ஒத்துக்கொண்ட அரசன் அவன். எனக்குத் தெரிந்து ஆள்பவர்களுக்கு இதைவிடப் பெரிய நீதிப்பாடம் இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். கவிதை மருந்துக்குப் பதில் இல்லை. நித்திரை போய், சாப்பாடு போய், உயிரை விட்டால் என்ன என்ற எண்ணம் வருகிறவரைப் புறநானூற்றோடு விட்டுவிடக் கூடாது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மனதை வதைத்த சம்பவங்களை நாலு நாள், நாளுக்குக் கால் மணி நேரம் எழுதிய மாணவர்கள், பின்வந்த மாதங்களில் சுகயீனத்துக்காக மருத்துவரிடம் போனது குறைந்திருந்தது. ஆனால் எழுதிய உடனே அவர்களின் மனநிலை கீழேதான் போயிருந்தது. ஆகவே வகுப்பில் யாரையும் 'உன் கதையை எழுது' என்று நான் கட்டாயப்படுத்துவதில்லை. பாரியின் பிள்ளைகளைப் பற்றிப் பேசலாம். அதற்குப் பின்னால் நின்றுகொண்டு எவ்வளவு சொல்வது என்பது அவரவர் இஷ்டம்.

இப்போது என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு 2009 ஞாபகமே இல்லை. சிலர் அப்போது கைக்குழந்தை, சிலர் பிறக்கவில்லை. 116ஐ வாசித்தால் இவர்கள் வண்டி எண்ணும் இடத்தில் நிற்பதில்லை. 'நோகோ யானே' என்ற இடத்தில் நிற்கிறார்கள். "அவ்வளவு பெரிய புலவர், எனக்கு நோகுது எண்டு வெளியில சொல்லலாமோ ரீச்சர்? எங்கட அப்பா ஒண்டும் சொல்லமாட்டார்." இந்தத் தலைமுறை வாழ்வது பேசாத பெரியவர்களுக்கு நடுவில். அதனால் இந்த வருடம் ஒரு வேலை கொடுத்தேன்: வீட்டில் யாருக்காவது தெரிந்த ஒரு பாட்டைக் கேட்டு எழுதிவாருங்கள், தாலாட்டோ அரிவி வெட்டுப் பாட்டோ ஒப்பாரியோ எதுவானாலும் சரி, புள்ளி கிடையாது. ஒருவன் சூடு மிதிக்கும்போது மாட்டுக்குப் பாடும் பாட்டைத் தாத்தாவிடமிருந்து கொண்டுவந்தான். வெட்டு மெசின் வந்த பிறகு தாத்தா அதை வாய்விட்டுப் பாடியதே இல்லையாம். ஒரு பிள்ளையின் அம்மம்மா நாலு வரி ஒப்பாரி சொல்லிவிட்டு, மிச்சம் நாளைக்கு என்றாராம். அவள் அடுத்த நாளும் போயிருக்கிறாள். எல்லாவற்றையும் ஒரு பெரிய சீ.ஆர். கொப்பியில் எழுதிக்கொண்டு வருகிறோம். இதற்கு யார் புள்ளி போடுவது என்று அதிபர் கேட்டார். ஒருவரும் இல்லை சேர் என்றேன். கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, தன் அம்மாவின் தாலாட்டு ஒன்று இருக்கிறது, வெள்ளிக்கிழமை எழுதித் தருகிறேன் என்றிருக்கிறார்.